ஃபாண்டை அழிக்கும் முன் பழைய பத்திரத்தைத் திறந்து பாருங்கள்

கடலூர் புதுப்பாளையத்தில் என் மாமா வீட்டில் ஒரு கணினி இருக்கிறது. 2010இல் வாங்கியது. விண்டோஸ் 7, 2 ஜிபி ராம், 160 ஜிபி ஹார்ட் டிஸ்க். மாமா பத்திர எழுத்தராக இருந்தவர். வேலையிலிருந்து ஓய்ந்த பிறகும் வாடகை ஒப்பந்தம், கோயில் திருவிழா நோட்டீஸ் என்று யாராவது கேட்டு வந்தால் அதில்தான் தட்டித் தருவார். ஸ்விட்சைப் போட்டுவிட்டு, காபி கலந்து குடித்து, டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தால்கூட அது முழுதாக விழித்திருக்காது. "மாப்பிள்ளை, இதைக் கொஞ்சம் பார்" என்றார். பார்த்தேன். ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் ஆயிரத்துச் சொச்சம் ஃபாண்டுகள். ஒரே மதியத்தில் அறுநூறுக்கு மேல் அழித்தேன். அத்தை வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டுப் பெருமையோடு வீடு திரும்பினேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போன். "மாப்பிள்ளை, பத்திரமெல்லாம் இங்கிலீஷ் ஆகிவிட்டது. அதுவும் அர்த்தமே இல்லாத இங்கிலீஷ்."

தவறு முழுக்க என்னுடையது. அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போனதை, வேலை செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் விண்டோஸ் 7 அல்லது 10 ஓடும் பழைய கணினி இருந்தால் இது அப்படியே பொருந்தும். அதைவிடப் பழைய விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருப்பவர்களுக்கு வித்தியாசப்படும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். எழுத்துரு என்பதுதான் நல்ல தமிழ்ச் சொல். ஆனால் கடையிலும் வீட்டிலும் ஃபாண்ட் என்றே புழங்குகிறது என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

எதையும் தொடுவதற்கு முன்

முதலில் செய்தித்தாளைப் பாருங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக உங்கள் பகுதியில் மின்தடை அறிவிப்பு இருக்கிறதா? இருந்தால் வேலையை மறுநாளைக்குத் தள்ளிவையுங்கள். பழைய கணினிகளின் யூபிஎஸ் பெட்டிகளில் பேட்டரி செத்துப் பல காலம் ஆகியிருக்கும். பெட்டி மட்டும் மேசைக்கடியில் தூசி பிடித்து உட்கார்ந்திருக்கும். ஃபைல்களை நகர்த்திக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், பாதி இங்கே பாதி அங்கே என்று கிழிந்து போகும்.

அடுத்து நகல். 32 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப், டி டிரைவில் நீங்கள் உருவாக்கிய ஃபோல்டர்கள் ஆகியவற்றை அதில் போடுங்கள். 'கட்' செய்யாதீர்கள், 'காப்பி' செய்யுங்கள். கல்யாண வீடியோ போன்ற பெரிய ஃபைல் ஏறாமல் அடம்பிடித்தால் பென் டிரைவ் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான பென் டிரைவ்கள் ஃபேட்32 என்ற அமைப்பில் வருகின்றன. அதில் 4 ஜிபியைத் தாண்டும் ஒற்றை ஃபைலை வைக்க முடியாது. பென் டிரைவ் காலியாக இருக்கும்போதே அதை எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் அமைப்புக்கு ஃபார்மேட் செய்துகொண்டால் சிக்கல் தீரும். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும், அதனால்தான் காலியாக இருக்கும்போது என்கிறேன்.

நான் செய்யத் தவறியது இதற்கடுத்த படி. சி டிரைவைத் திறந்து, விண்டோஸ் என்ற ஃபோல்டருக்குள் போய், அதற்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரைத் திறங்கள். கன்ட்ரோல் விசையோடு 'ஏ' தட்டி எல்லாவற்றையும் தேர்ந்தெடுங்கள். காப்பி செய்து, பென் டிரைவில் 'பழைய ஃபாண்டுகள்' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதில் ஒட்டுங்கள். ஐந்து நிமிட வேலைதான். விண்டோஸ் 7இல் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் அழிப்பது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நிரந்தரமாகப் போய்விடும். கேள்விப் பெட்டி அதைச் சொல்லித்தான் கேட்கிறது. நான் படிக்காமல் 'எஸ்' அழுத்தினேன்.

நகல் எடுத்ததும் அந்தப் பென் டிரைவை வேறொரு கணினியில் செருகி, நாலைந்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள். பெயர் தெரிகிறது என்பதால் உள்ளே இருப்பது சரியாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

இடம் எங்கே போனது

கம்ப்யூட்டர் என்ற ஐகானைத் திறந்தால் சி, டி என்று டிரைவ்கள் தெரியும். சி டிரைவின் பட்டை சிவப்பாக இருக்கும், டி டிரைவ் முக்கால்வாசி காலியாகக் கிடக்கும். பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் கணினி பொருத்திக் கொடுத்தவர்கள் சி டிரைவுக்கு 30, 40 ஜிபி மட்டும் ஒதுக்கி மிச்சத்தை டி, இ என்று பிரித்துவிடுவது வழக்கம். மாமா கணினியும் அப்படித்தான். மொத்தம் கூட்டிப் பார்த்தால் 149 ஜிபிதான் வருகிறது என்றும், கடைக்காரர் 11 ஜிபி ஏமாற்றிவிட்டார் என்றும் மாமாவுக்கு நெடுநாள் மனத்தாங்கல். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024இன் மடங்கில் எண்ணுகிறது. 160 என்பது அப்படி எண்ணினால் 149 ஆகும்.

டெஸ்க்டாப்பில் நீங்கள் வைக்கும் ஒவ்வொன்றும் சி டிரைவில்தான் உட்காருகிறது. திரையில் தெரிவதால் அது எங்கோ வெளியே இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். மாமாவின் டெஸ்க்டாப்பில் பேத்தியின் மொட்டை அடிக்கும் விழா வீடியோ மட்டும் 9 ஜிபி. அதை டி டிரைவுக்கு நகர்த்தியதுமே சி டிரைவின் சிவப்பு நீலமானது. உண்மையில் அன்றைய வேலை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்களை மொத்தமாகவே டி டிரைவுக்குக் குடியேற்றலாம். அந்த ஃபோல்டர்மேல் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், லொக்கேஷன் என்ற பகுதி, அதில் மூவ். டி டிரைவில் புதிதாக ஒரு ஃபோல்டரைக் காட்டுங்கள். டி டிரைவையே நேரடியாகக் காட்டிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் பிறகு பிரிப்பது பெரும்பாடு.

கூட்டித் தள்ளக்கூடிய குப்பை

ஸ்டார்ட் மெனுவின் தேடும் இடத்தில் 'டிஸ்க் கிளீனப்' என்று ஆங்கிலத்தில் தட்டித் திறங்கள். சி டிரைவைத் தேர்ந்தெடுங்கள். வரும் பட்டியலில் டெம்பரரி ஃபைல்ஸ், டெம்பரரி இன்டர்நெட் ஃபைல்ஸ், தம்ப்நெயில்ஸ், ரீசைக்கிள் பின் ஆகியவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு டிக் செய்யலாம். ரீசைக்கிள் பின்னை மட்டும் கண்ணைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிறகு 'கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்' பொத்தானை அழுத்தினால் பட்டியல் இன்னும் நீளும். விண்டோஸ் 7இல் 2013 அக்டோபரில் வந்த ஒரு அப்டேட்டுக்குப் பிறகு, பழைய அப்டேட்களின் மிச்சத்தை நீக்கும் வசதியும் அதில் சேர்ந்தது. பல வருடமாகத் தொடாத கணினியில் இது ஒன்றே சில ஜிபிகளை விடுவிக்கும். முடிந்ததும் அடுத்த முறை ஆன் செய்யும்போது 'கட்டமைக்கிறது' என்று நெடுநேரம் நிற்கும். பதறிப்போய் ஸ்விட்சை அணைக்காதீர்கள்.

விண்டோஸ் 10இன் சில பதிப்புகளில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் இந்தப் பட்டியலில் இருக்கும். அதை டிக் செய்துவிட்டு, இறக்கி வைத்த வில்லங்கச் சான்றைத் தேடி அலைய வேண்டாம்.

டெம்ப் ஃபோல்டரைக் கையாலும் காலி செய்யலாம். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சிறு பெட்டியில் ஒரு சதவீதக் குறி, டெம்ப் என்பதன் நான்கு ஆங்கில எழுத்துகள், மறுபடி ஒரு சதவீதக் குறி என்று இடைவெளி விடாமல் தட்டி என்டர் கொடுங்கள். உள்ளே இருப்பதையெல்லாம் அழிக்கலாம். 'பயன்பாட்டில் இருக்கிறது' என்று சொல்வதை 'ஸ்கிப்' செய்துவிடுங்கள்.

திறந்திருக்கும் வேலையை அப்படியே டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு அணையும் ஹைபர்னேஷன் வசதி மேசைக் கணினிக்குத் தேவையில்லை. அதற்கென்று சி டிரைவில் ஒரு மறைவான ஃபைல் இருக்கும். விண்டோஸ் 7இல் அது ராமின் முக்கால் பங்கு இடத்தைப் பிடிக்கும். 2 ஜிபி ராமுக்கு ஒன்றரை ஜிபி. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி, சிறு கோடு, ஹெச், இடைவெளி, ஆஃப் என்று கொடுத்தால் அது போய்விடும். விண்டோஸ் 10இல் இதைச் செய்தால் வேகத் தொடக்கம் என்ற வசதியும் நின்றுவிடும். அங்கே செய்யாமல் விடலாம்.

மென்பொருள்களை நீக்குவதற்கு கன்ட்ரோல் பேனலில் உள்ள அன்இன்ஸ்டால் வழிதான் சரி. புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் போய்க் கையால் அழிப்பது மரத்தை வெட்டாமல் இலையைப் பறிப்பது மாதிரி. வேர் உள்ளேயே இருந்து தொந்தரவு செய்யும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ், சிஸ்டம்32, இன்ஸ்டாலர் ஆகிய மூன்றையும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். வின்எஸ்எக்ஸ்எஸ் பத்து ஜிபிக்கு மேல் காட்டும், ஆசை வரும். அதில் காட்டும் அளவில் ஒரு பகுதி வேறு இடத்தில் இருக்கும் அதே ஃபைல்களின் இரட்டைக் கணக்கு.

'உங்கள் கணினி மெதுவாக இருக்கிறது, இலவசமாகச் சுத்தம் செய்கிறோம்' என்று விளம்பரத்தில் வரும் எதையும் இறக்காதீர்கள். அதைவிடக் குப்பை கணினியில் வேறு இருக்காது.

ஃபாண்டுகள்: இங்கேதான் நிதானம் வேண்டும்

ஒரு உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபாண்டுகளை அழிப்பதால் பெரிதாக இடம் கிடைக்காது. பழைய தமிழ் ஃபாண்ட் ஒன்று பெரும்பாலும் 100 கேபிகூட இருக்காது. கல்யாணப் படம் ஒன்றே 5 எம்பி இருக்கும் காலத்தில், அது ஐம்பது ஃபாண்டுக்குச் சமம். நான் அறுநூறு ஃபாண்டுகளை அழித்து மீட்ட இடத்தை, மொட்டை வீடியோவில் சில நிமிடங்களை வெட்டியே மீட்டிருக்கலாம். அப்படியானால் ஏன் குறைக்க வேண்டும்? ஆயிரம் ஃபாண்டுகள் இருந்தால் வேர்டு போன்ற மென்பொருள்கள் திறக்கத் தாமதிக்கும். ஃபாண்ட் பட்டியலை இறக்கினால் நீண்டுகொண்டே போகும், வேண்டியதைத் தேடியே விரல் ஓயும். அந்த இரண்டு காரணங்களுக்காக மட்டும்தான் இந்த வேலை.

இப்போது மாமாவின் 'அர்த்தமில்லாத இங்கிலீஷ்' பற்றி. பாமினி போன்ற பழைய தமிழ் ஃபாண்டில் 'தமிழ்' என்று தட்டினால் கணினி சேமித்து வைப்பது தமிழை அல்ல. ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான் ஃபைலில் இருக்கின்றன. ஜே என்ற எழுத்துக்குத் 'த' வேஷம் கட்டிவிடுவது ஃபாண்டின் வேலை. நம் பக்கத்துத் தெருக்கூத்தில் விடிய விடிய துரியோதனனாக நின்றவர், காலையில் அரிதாரத்தைக் கழுவினால் நமக்குத் தெரிந்த பக்கத்துத் தெரு ஆள். ஃபாண்டை அழிப்பது அரிதாரத்தைக் கழுவுவதுதான். ஆள் அப்படியேதான் இருக்கிறார், வேஷம் மட்டும் போய்விட்டது. ஆகவே மாமாவின் பத்திரம் எதுவும் அழியவில்லை. ஃபாண்டைத் திரும்பப் போட்டால் தமிழும் திரும்பிவிடும்.

எல்லாப் பழைய ஃபாண்டுகளும் ஒரே மாதிரி வேஷம் கட்டுவதில்லை என்பதுதான் தலைவலி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பின் தமிழ்நாடு அரசு டேம், டேப் என்று இரண்டு குறியீட்டு முறைகளைத் தரப்படுத்தியது. டேம் முழுக்கத் தமிழுக்கு. டேப் இருமொழிக்கு, ஆங்கிலத்தை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, 256 இடங்களில் மேல்பாதியில் தமிழை வைக்கும். இணையத்தில் புழங்கிய திஸ்கியும் இருமொழி வகைதான். இவை போக, ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தது. டேப், திஸ்கி ஃபாண்டுகள் தொலைந்தால் தெரிவது சாதாரண ஆங்கில எழுத்து அல்ல. தலையில் கோடும் புள்ளியும் சுமந்த எழுத்துகள். ஐரோப்பிய மொழிகளின் உச்சரிப்புக் குறி எழுத்துகள் இருக்கும் இடத்தில்தான் தமிழ் குடியிருந்தது என்பதே காரணம். பக்கத்துப் புதுச்சேரியில் பிரெஞ்சு ஓய்வூதியக் கடிதம் வரும் வீடுகளில் இதைப் பார்த்தால், யாரோ தப்பும் தவறுமாகப் பிரெஞ்சு எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்க வாய்ப்பு உண்டு. அந்த வீடுகளுக்கு ஒரு தகவல்: பிரெஞ்சு எழுத்துக்குத் தனி ஃபாண்ட் எதுவும் தேவையில்லை. ஏரியலிலும் டைம்ஸ் நியூ ரோமனிலும் அந்த எழுத்துகள் எல்லாமே இருக்கின்றன.

எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் கதை வேறு. அங்கே தமிழ் எழுத்துக்குச் சொந்த எண் உண்டு, வேஷம் கிடையாது. ஒரு யூனிகோடு ஃபாண்டை நீக்கினால் வேறொரு யூனிகோடு ஃபாண்ட் அந்த இடத்துக்கு வந்து நிற்கும். எழுத்தின் அழகு மாறலாம், தமிழ் தமிழாகவே இருக்கும். விண்டோஸ் 2000இல் வந்த லதா, விண்டோஸ் 7இல் வந்த விஜயா, விண்டோஸ் 8இல் வந்த நிர்மலா யூஐ எல்லாம் இந்த வகை. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய உங்கள் வீட்டு ஃபைல்கள் யூனிகோடாக இருக்க வாய்ப்பு குறைவு. பிந்தையவையும் இருக்கும் என்று சொல்ல முடியாது. மாமா போன வருடம்வரை பழைய ஃபாண்டில்தான் தட்டினார்.

எது எந்த வகை என்று கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை. வேர்டில் ஃபைலைத் திறந்து ஒரு வரியைக் காப்பி செய்து, நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாகவே தெரிந்தால் யூனிகோடு. கிறுக்கலாக மாறினால் பழைய வகை. எக்ஸ்பியில் மட்டும் இந்தச் சோதனை ஏமாற்றலாம். கன்ட்ரோல் பேனலில் ரீஜினல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் போய், லாங்குவேஜஸ் பகுதியில் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்ற கட்டத்தை டிக் செய்தால்தான் அதில் யூனிகோடு தமிழ் ஒழுங்காகத் தெரியும். எக்ஸ்பி சிடியைக் கேட்கும், பரணில் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காகிதம், ஒரு பேனா

இப்போது பட்டியல் போடுங்கள். கணினியில் அல்ல, காகிதத்தில். 2010இல் ஒன்று, 2013இல் ஒன்று, போன வருடத்தில் ஒன்று என்று வெவ்வேறு காலத்து ஃபைல்களாகப் பதினைந்து இருபதைத் திறங்கள். ஒவ்வொன்றிலும் தமிழ் வரியின்மேல் கர்சரை வைத்தால் மேலே உள்ள பெட்டியில் ஃபாண்டின் பெயர் தெரியும். அதை எழுதிக்கொள்ளுங்கள். தலைப்புக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, அடியில் கையெழுத்து இடத்துக்கு ஒன்று என்று ஒரே பக்கத்தில் மூன்று ஃபாண்டு இருக்கலாம். நோட்டீஸ்களில் கட்டாயம் இருக்கும். ஆயிரம் ஃபாண்டில் மாமா உண்மையில் பயன்படுத்தியவை ஏழுதான்.

பிடிஎஃப் ஆக இருக்கும் ஃபைல்களைப் பற்றிப் பெரும்பாலும் கவலை வேண்டாம். அடோபி ரீடரில் பிராப்பர்ட்டீஸ் திறந்து ஃபாண்ட்ஸ் பகுதியைப் பாருங்கள். 'எம்பெடெட்' என்று இருந்தால் ஃபாண்ட் அந்த ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது, கணினியில் இருக்க வேண்டியதில்லை. இதையே நமக்குச் சாதகமாக்கலாம். இனி திருத்தப் போவதில்லை, பார்க்க மட்டும் வேண்டும் என்கிற பழைய ஃபைல்களை, ஃபாண்டுகள் இருக்கும்போதே பிடிஎஃப் ஆகச் சேமித்துவிடுங்கள். ஆபீஸ் 2007இல் சர்வீஸ் பேக் 2 போட்டிருந்தால் நேரடியாகவே செய்யலாம். லிப்ரே ஆபீஸிலும் முடியும். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் ஃபைல்கள் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் அவசரம். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். யூனிகோடு அதற்குத் தெரியவே தெரியாது.

அழிக்கும் முறை

பட்டியலில் உள்ளவற்றைத் தொடக்கூடாது. கூடவே விண்டோஸ் தானே பயன்படுத்துபவற்றையும் தொடக்கூடாது: சீகோ யூஐ, டஹோமா, ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன், கூரியர் நியூ, எம்எஸ் சான்ஸ் செரிஃப், சிம்பல், விங்டிங்ஸ், மார்லெட். கடைசியாகச் சொன்ன மார்லெட் பெயர் கேள்விப்படாததாக இருக்கும், அழிக்கத் தோன்றும். ஜன்னலின் மூலையில் மூடவும் சுருக்கவும் இருக்கும் குறிகள் அதிலிருந்துதான் வருகின்றன. அது கெட்டால் பெருக்கல் குறி இருந்த இடத்தில் எண்களும் எழுத்துகளும் முளைக்கும். விண்டோஸோடு வந்த சீன, ஜப்பானிய, கொரிய ஃபாண்டுகளை அழிக்க விண்டோஸ் விடாது. அவற்றின்மேல் வலது கிளிக் செய்து 'ஹைட்' கொடுத்தால் சில பட்டியல்களிலிருந்து மறையும். எல்லா மென்பொருளும் இதை மதிப்பதில்லை.

அழிக்கத் தகுந்தவை எவை? ஆல்பம் வடிவமைப்பு சிடியிலிருந்து மொத்தமாகக் கொட்டப்பட்ட அலங்கார ஆங்கில ஃபாண்டுகள் முதலில். ஒரே ஃபாண்டை இரண்டு மூன்று முறை நிறுவியதால் பெயருக்குப் பின்னால் சுழியம், ஒன்று என்று வால் முளைத்த நகல்கள் அடுத்து. பட்டியலில் இல்லாத தமிழ் ஃபாண்டுகள் கடைசியில். ஐம்பது ஐம்பதாக அழியுங்கள். ஒவ்வொரு ஐம்பதுக்கும் பிறகு கணினியை அணைத்துப் போட்டு, பட்டியல் போட உதவிய அதே ஃபைல்களில் நாலைந்தைத் திறந்து பாருங்கள். எல்லாம் தமிழாக இருந்தால் அடுத்த ஐம்பது. பொறுமை இல்லாதவர்கள் என் மாதிரி அறுநூறை ஒரே மூச்சில் அழித்து, எதனால் கெட்டது என்றே தெரியாமல் முழிப்பார்கள். 'பயன்பாட்டில் இருக்கிறது' என்று ஒரு ஃபாண்ட் மறுத்தால் வேர்டை மூடிவிட்டு, தேவைப்பட்டால் கணினியை மறுதொடக்கம் செய்து, வேறெதையும் திறக்காமல் அழியுங்கள்.

ஏதாவது ஃபைல் கிறுக்கலாகத் திறந்தால் பதற வேண்டாம், அந்த நிலையில் அதைச் சேமிக்கவும் வேண்டாம். வேர்டு ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குள் 'ஃபாண்ட் சப்ஸ்டிட்யூஷன்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. திறந்திருக்கும் ஃபைலுக்கு எந்த ஃபாண்ட் காணாமல் போயிருக்கிறது என்று அது பெயரோடு சொல்லும். பென் டிரைவில் எடுத்து வைத்த ஃபோல்டரில் அந்தப் பெயரைத் தேடி, வலது கிளிக் செய்து 'இன்ஸ்டால்' கொடுங்கள். எக்ஸ்பியில் அந்த ஃபைலை ஃபாண்ட்ஸ் ஃபோல்டருக்குள் காப்பி செய்தாலே போதும்.

நகல் இல்லாத நான் என்ன செய்தேன்? திருப்பாதிரிப்புலியூரில் மாமாவுக்குப் பழக்கமான ஓர் அச்சகத்துக்கு நடந்தேன். முதல் நாள் கொண்டுவந்த ஃபாண்டில் பெயர் ஒன்றாக இருந்தது, உள்ளே எழுத்துகளின் இடம் வேறாக இருந்தது. 'விற்பவர்' என்ற இடத்தில் வாயில் நுழையாத ஏதோ ஒரு சொல் வந்தது. மூன்றாம் நாள்தான் சரியானது கிடைத்தது. அந்த மூன்று நாளும் மாமா என்னிடம் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

யூனிகோடுக்கு மாற்ற நினைத்தால்

அடிக்கடி எடுத்துத் திருத்தும் மாதிரி ஃபைல்களை மட்டும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். எல்லாவற்றையும் மாற்றுவது வெட்டி வேலை. என்எச்எம் கன்வர்ட்டர், அழகி இரண்டும் இலவசம், இரண்டிலும் மாற்றும் வசதி இருக்கிறது. மூலம் எந்த வகை என்று சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதற்கும் உங்கள் காகிதப் பட்டியலே வழிகாட்டும். பெயர், முகவரி, ஆதார் எண் உள்ள பத்திரத்தை ஏதோ ஓர் இணையப் பக்கத்தில் ஒட்டி மாற்றுவது எனக்குச் சம்மதமில்லை. கணினியிலேயே நிறுவிக்கொள்ளும் மென்பொருளே நல்லது.

பாமினியில் காற்புள்ளி விசைதான் 'இ'. ஆகவே தமிழுக்கு நடுவே ஆங்கிலத்தில் தட்டியிருந்த முகவரியையும் சேர்த்து மாற்றினால், கதவு எண்ணுக்குப் பின்னால் இருந்த காற்புள்ளியெல்லாம் 'இ' என்று வந்து நிற்கும், ஆங்கிலச் சொற்கள் தமிழ் எழுத்துக் கூளமாகும். ஆங்கிலப் பகுதிகளை விட்டுவிட்டுத் தமிழ்ப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். மாற்றிய பிறகு சர்வே எண், தொகை, நான்கெல்லை, ஆட்களின் பெயர் ஆகியவற்றைப் பழைய அச்சுப் பிரதியோடு வைத்து விரல் ஓட்டிப் படியுங்கள். 'ஸ்ரீ', 'க்ஷ' வரும் பெயர்களில் தவறு அதிகம் நேரும். எங்கள் ஊர்ப் பக்கம் ஸ்ரீ இல்லாத பெயர் எத்தனை?

பழைய தட்டச்சு முறையில் விரல் பழகியவர்கள் யூனிகோடுக்கு வந்தால் விரலை மாற்ற வேண்டுமோ என்று பயப்படுகிறார்கள். தேவையில்லை. என்எச்எம் ரைட்டரில் பழைய டைப்ரைட்டர் முறையும் இருக்கிறது, பாமினி முறையும் இருக்கிறது. மாமா அரை மணி நேரத்தில் பழகிக்கொண்டார்.

மிச்சம்

சாதாரண ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் எல்லாம் முடிந்ததும் ஒருமுறை டீஃப்ராக்மென்ட் செய்யுங்கள், அதாவது டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளை ஒன்றுசேருங்கள். விண்டோஸ் 7 இதைப் புதன்கிழமை இரவு 1 மணிக்குத் தானாகச் செய்யும்படி அமைத்திருக்கிறது. அந்நேரத்தில் உங்கள் வீட்டில் யார் கணினியைப் போட்டிருக்கிறார்கள்? சுழலும் தட்டு இல்லாத, வேகமான எஸ்எஸ்டி வகை டிஸ்க் பொருத்தியிருந்தால் இது வேண்டாம். இத்தனைக்குப் பிறகும் மெதுவாகவே இருந்தால் கோளாறு குப்பையில் இல்லை, வயதில் இருக்கிறது. ஒரு சிறிய எஸ்எஸ்டியும் இன்னொரு 2 ஜிபி ராமும் செய்யும் நன்மையை எந்தச் சுத்தமும் செய்யாது. கடற்காற்று ஊர் என்பதால் ராம் பட்டைகளின் முனையில் பாசி போல் ஏதாவது படிந்திருக்கிறதா என்றும் கழற்றும்போது பார்க்கச் சொல்லுங்கள்.

விண்டோஸ் 7க்குப் பாதுகாப்பு அப்டேட்கள் 2020 ஜனவரி 14ஓடு நின்றுவிட்டன. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ஓடு வழக்கமான ஆதரவு முடிந்தது. சுத்தம் செய்தாகிவிட்டது என்பதற்காக அதில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். தட்டச்சுக்கும் அச்சடிக்கவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நகல் எடுத்த பென் டிரைவை கணினி மேசை இழுப்பறையிலேயே போட்டுவைப்பது நகல் ஆகாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தக் கரையில் ஏறியதையும், 2015 நவம்பரில் கடலூர் வெள்ளத்தில் கிடந்ததையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வேறு ஊரில் வையுங்கள். மாமாவின் இரண்டாவது பென் டிரைவ் விருத்தாசலத்தில் மகள் வீட்டில் இருக்கிறது. முதலாவது அவருடைய மூலப்பத்திரங்கள் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள், பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. ஏழு ஃபாண்டுகளின் பெயர் எழுதிய காகிதத்தை சிபியு பெட்டியின் பக்கவாட்டில் செலோடேப் போட்டு ஒட்டியிருக்கிறார். அதற்குக் கீழே சிவப்பு மையில், 'மாப்பிள்ளை தொடக்கூடாது' என்று எழுதியிருக்கிறது.